அவையிற் பிறந்த பெயர்: ஓ டாலி குடிப்பெயரின் வரலாறு



பத்துமலைக் குகைகளை வெளியுலகுக்கு அறிவித்தவர்கள் யாவர் என்று பழைய பதிவுகளைப் புரட்டினால் மூன்று பெயர்கள் வழக்கமாக எதிர்ப்படும். ஒருவர் 1878-ஆம் ஆண்டில் சிலாங்கூருக்கு வந்த அமெரிக்க இயற்கையியலார் வில்லியம் ஹார்னடே. இரண்டாமவர் சிலாங்கூர்க் காவல்துறையின் தலைவராயிருந்த சையர்ஸ். மூன்றாமவர் நில அளவையாளர் டேலி. அம்மலையில் முருகன் கோயில் எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இம்மூவரின் குறிப்புகள் எழுத்தேறிவிட்டன. மூன்றாமவரை ‘டேலி’ என்னும் இரண்டெழுத்தில் கடந்துபோவதே நம் வழக்கம். இன்றைய உரை அந்த இரண்டெழுத்தைப் பற்றியது.

டேலி என்பது கேட்பதற்கு ஆங்கிலப் பெயர்போல் ஒலிக்கிறது. ஆயின் அது அயர்லாந்துப் பெயர். ஐரிய மொழியில் அதன் முழுவடிவம் ‘ஓ டாலி’. இங்கே ஒலிபெயர்ப்புப் பற்றி ஒரு சொல். ஐரிய மொழியின் இந்த முதலொலி ஆங்கில டகரம் அன்று; நாவின் நுனி பல்லைத் தொடப் பிறப்பது; இடத்தால் நம் தகரத்தை ஒத்தது. நேர்மையாக எழுதப் புகுந்தால் ‘ஓ தாலி’ என்றுதான் எழுத வேண்டும். அவ்வாறு எழுதினால் படிப்போர் நினைவு மணப்பந்தலுக்குச் சென்றுவிடும் என்பதால் டகரத்தையே கொள்கிறோம். பெயரின் இறுதியும் வட்டாரத்திற்கேற்ப மாறும். தென்புலமாகிய மன்ஸ்டரில் ஈற்றில் ஒரு ககரச் சாயல் கேட்கும். ஏனைய இடங்களில் அது இகரமாய் ஓய்ந்துவிடும்.

‘ஓ’ என்பதன் பழைய வடிவம் ‘உவா’. பொருள், பெயரன், விரிந்த வழக்கில், வழித்தோன்றல். ஐரியக் குடிப்பெயர்களின் மற்றொரு முன்னொட்டாகிய ‘மக்’ என்பது மகனைக் குறிக்கும். தமிழில் மகனுடைய மகனைப் பெயரன் என்கிறோம்; பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அச்சொல்லின் உட்பொருள். ஐரியரோ பாட்டன் பெயரைத் தனி ஒருவனுக்கு இடுவதோடு நில்லாது, குடி முழுவதற்கும் நிலையாக இட்டுவிட்டனர். ஐரோப்பாவில் வழிவழி வரும் குடிப்பெயர்கள் மிக முந்தித் தோன்றிய நாடுகளுள் அயர்லாந்து ஒன்று. 916-ஆம் ஆண்டின்கீழ் ஆண்டுக்குறிப்பேடுகளில் ஓ கிளேரி என்னும் பெயருடைய தலைவன் ஒருவனது இறப்புப் பதிவாகியுள்ளது. 1014-இல் களத்தில் வீழ்ந்த பிரையன் போரு மன்னனே ஆணையிட்டுக் குடிப்பெயர்களை உண்டாக்கினான் என்னும் கதை மக்களிடையே உண்டு. இன்றைய ஆய்வாளர் அதனைக் கொள்வதில்லை. பெயர்கள் ஆணையால் பிறப்பது அரிது.

எஞ்சிய ‘டாலி’ என்பது ‘டாலக்’ என்னும் ஆட்பெயரின் ஆறாம் வேற்றுமை வடிவம். ஆக, ‘டாலக்கினது பெயரன்’ என்பதே பெயரின் முழுப்பொருள். தொல்காப்பியம் இயற்பெயரின் முன் ‘தந்தை’ என்னும் முறைப்பெயர் வந்து புணரும்போது நேரும் திரிபுகளை விதிப்பதையும், உரையாசிரியர்கள் சாத்தந்தை, ஆந்தை, பூந்தை எனக் காட்டுத் தருவதையும் இவ்வவை அறியும். ஆட்பெயரும் முறைப்பெயரும் ஒட்டி ஒரே சொல்லாய் இறுகும் நிகழ்வு எந்த மொழிக்கும் அயலானதன்று.

‘டாலக்’ என்பதை மேலும் பிரித்தால் ‘டால்’ என்னும் அடிச்சொல் கிடைக்கிறது. அதன் பொருள் அவை, கூட்டம். அவைக்கு உரியவன், அவையில் இருப்பவன் என்பது டாலக்கின் பொருள். தமிழில் ‘அவையோன்’ என்று பெயர்க்கலாம். (பழைய அரசுப்பெயராகிய டால் ரியாட்டா என்பதிலுள்ள ‘டால்’ வேறு சொல், அது பங்கு, பிரிவு என்னும் பொருளது. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் நூல்களும் உள, கொள்ளற்க.) இதே அடிச்சொல்தான் 1919 ஜனவரி 21 அன்று டப்ளின் மாநகரில் முதன்முறையாகக் கூடிய அயர்லாந்து மக்களவைக்கும் பெயராயிற்று. ‘டாயில் ஏரன்’, அதாவது அயர்லாந்தின் அவை.

அவையோன் என்னும் பெயர் அக்குடிக்கு வெறும் அணியாக நின்றுவிடவில்லை. ஓ டாலியர் வழிவழியாகப் புலவர்கள். நியால் என்னும் பழமன்னன் வழியில் வந்தோராகத் தம்மைச் சொல்லிக்கொண்ட இவர்களது தாயகம் இன்றைய வெஸ்ட்மீத் மாவட்டத்தில், முலிங்கர் ஊரையொட்டிய நிலப்பகுதி. 1139-இல் ‘பள்ளியைச் சேர்ந்த’ என்னும் அடைமொழியுடைய கூ கொனக்ட் ஓ டாலி குளோனார்டில் இறந்தார். புலமையில் இக்குடியின் முதற்பெரும் பெயர் அவருடையது. அதன்பின் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள், அயர்லாந்தின் பல சிற்றரசுகளில் ஓ டாலியரின் கிளைகள் புலமைப் பதவி வகித்தன. உயர்நிலைப் புலவருக்கு ‘ஒல்லவ்’ என்று பெயர். இன்றைய ஐரிய மொழியில் பல்கலைக்கழகப் பேராசிரியரைக் குறிப்பதும் அச்சொல்லே. எம் போன்றோர்க்கு அதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்?

அப்பள்ளிகளின் பயிற்சிமுறை வியப்புக்குரியது. மாணாக்கர் வெளிச்சம் புகாத அறைகளில் தனித்தனியே படுத்துக்கிடந்து, ஆசிரியர் தந்த பொருளில், அசையெண்ணிக்கையும் எதுகை மோனை ஒத்த கட்டுப்பாடுகளும் பிறழாது மனத்திலேயே செய்யுள் யாப்பர். இரவில் விளக்கு வந்தபின்னரே எழுத்தில் இறக்குவர். புலவனின் புகழ்ச்சி தலைவனை நிலைநிறுத்தியது; வசை அவன் முகத்தில் கொப்புளங்களை எழுப்பும் என்று நம்பினர். அறம் பாடிக் கொல்லுதல் பற்றிய கதைகளில் வளர்ந்த நமக்கு இந்நம்பிக்கையை விளக்க வேண்டுவதில்லை.

இக்குடியில் எம் நெஞ்சைவிட்டு நீங்காதவர் முரியக் ஓ டாலி. 1213-ஆம் ஆண்டு ஸ்லைகோ மாவட்டத்து லிசடெல்லில் வாழ்ந்துவந்தார். வடபுல வேந்தன் ஓ டொனலின் அதிகாரி ஒருவன் திறை தண்ட அவர் வீட்டுக்கு வந்து தகாத சொற்களைப் பேசினான். புலவர் கூரிய கோடரியால் அவனை வெட்டிக் கொன்றுவிட்டார். (ஓ டொனல் குடியும் வேறொரு டாலக்கின் வழியில் வந்ததே, ஆண்டுக்குறிப்பேடுகள் அவர்களை ‘டாலக்கின் மக்கள்’ என்று சுட்டுவதுண்டு. பெயர் ஒன்றாயின் குருதி ஒன்று எனக் கொள்ளுதல் குடிப்பெயர் ஆய்வில் முதற்பிழை.) வேந்தன் படையோடு துரத்தினான். முரியக் கால்வே நாட்டுக்கு ஓடினார். அங்கிருந்து தோமண்டு, லிமரிக், டப்ளின். இறுதியில் கடல் கடந்து ஸ்காட்லாந்து. ஒரு கொலையைப் பொருட்படுத்தி ஓர் அரசன் இத்துணைச் சினம் கொள்வதா என்று வியந்து பாடும் துணிவும் அவருக்கிருந்தது. பின்னர் ஐந்தாம் சிலுவைப் போருக்குச் சென்ற பயணிகளோடு நடுநிலக்கடல் வரை போய்வந்தார். ஓ டொனலைப் புகழ்ந்து பாடியே தம் மன்னிப்பைப் பெற்றார் என்பர். பதினொரு மக்களைப் பெற்றுத் தந்து மறைந்த மனைவிக்கு அவர் பாடிய கையறுநிலை, ஐரியச் செய்யுளின் தலைசிறந்த இரங்கற்பாக்களுள் ஒன்றாக இன்றும் பயிலப்படுகிறது. கோடரி எடுத்த கையும் அதுவே.

ஸ்காட்லாந்தில் வாழ்ந்தமையால் அவருக்கு ‘அல்பனக்’, அதாவது ஸ்காட்லாந்தார், என்னும் அடைமொழி ஒட்டிக்கொண்டது. அங்கே அவர் வழிவந்தோர் ஓ டாலி என்னும் பெயரைத் துறந்து, அவரது இயற்பெயரையே குடிப்பெயராக்கி ‘மக் முரிய்க்’ ஆயினர். பெயரன் பெயரைத் தாங்கி வந்தவர், தாமே ஒரு பெயருக்கு முதல்வரானார். அக்குடியினர் மேற்குத் தீவுகளின் தலைவர்களுக்குப் புலவராய் 18-ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தனர். 1800-ஆம் ஆண்டில், ஆசியன் பாடல்களின் உண்மை பற்றி நடந்த ஆய்வுக்காக, லாக்லன் மக் முரிய்க் என்னும் முதியவர் சான்று அளித்தார். தாம் முரியக்கிலிருந்து பதினெட்டாம் தலைமுறை என்று வரிசைப்படுத்திச் சொன்னார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குடும்பத்திலிருந்த தோல் ஏடுகளுள் சில, தையற்காரர்கள் அளவெடுக்கும் நாடாக்களாக நறுக்கப்பட்டுப் போயின என்றும் அவர் கூறினார். செல்லரித்த ஓலைகளை ஆற்றில் இட்ட ஊர்களைப் பற்றிக் கேட்டறிந்த நமக்கு அச்சான்றைப் படித்துவிட்டு எளிதில் பக்கத்தைப் புரட்ட இயல்வதில்லை.

அயர்லாந்தில் தங்கியவர்களுள் டொனகா மோர் ஓ டாலி சமயப்பாடல்களால் புகழ்பெற்றவர்; 1244-இல் மறைந்து பாயில் மடத்தில் அடக்கமானார். 1387-இல் மறைந்த கோஃப்ரி ஃபியன் ஓ டாலி வேறு வகையினர். ஐரியத் தலைவர்களுக்கும் ஆங்கிலோ-நார்மன் பிரபுக்களுக்கும் ஒருசேரப் பாடியவர். அயலாரை விரட்டுவாய் என்று ஐரியருக்கும், ஐரியரை விரட்டுவாய் என்று அயலார்க்கும் வாக்களிப்பது தம் தொழிலின் வழக்கம் என்பதைத் தம் பாட்டிலேயே ஒளிவின்றி ஒப்புக்கொண்டவர். புரவலர் மரபை இத்துணை நேர்மையாகச் சொன்ன புலவரை யாம் வேறெங்கும் கண்டதில்லை. அவர் வாழ்ந்த காலத்தில்தான், 1366-இல், கில்கெனிச் சட்டங்கள் ஐரியப் பாடகரையும் புலவரையும் ஆங்கிலக் குடியேறிகள் தம் இல்லத்தில் ஏற்கலாகாது என்று தடுத்தன. தடை போட்டும் பிரபுக்கள் ஏற்றுக்கொண்டே இருந்தனர்.

குடியின் கடைசிக் காலத்துப் பெயர் ஏங்கஸ் ஓ டாலி. ‘வசைகளின் ஏங்கஸ்’ என்பதே அவர் பட்டம். ஐரியத் தலைவர்களின் விருந்தோம்பலை, அவர்கள் இட்ட ரொட்டியின் மென்மையையும் வெண்ணெயின் அளவையும் சொல்லிச் சொல்லி, நாடு முழுவதும் நடந்து எள்ளிப் பாடினார். ஐரியரிடையே பகை மூட்டுவதற்காக ஆங்கில அதிகாரிகள் அவரைக் கூலிக்கு அமர்த்தினர் என்பது மரபுச் செய்தி. 1617-இல் டிப்பரெரி மாவட்டத்தில் ஓ மாகர் என்னும் தலைவனின் விருந்தில், வசையைப் பொறாத ஏவலன் ஒருவன் கத்தியால் குத்த, உயிர்விட்டார். அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1607-இல், வடபுலத் தலைவர்கள் நாட்டைவிட்டுக் கப்பலேறியிருந்தனர். புகழவும் இகழவும் தலைவர் இல்லாத நாட்டில் புலவர் குடிக்கு வேலை ஏது?

இனிப் பெயரின் கதையில் மற்றொரு பகுதி தொடங்குகிறது. 1465-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, டப்ளினைச் சூழ்ந்த ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழும் ஐரியர் ஊர், நிறம், தொழில், பதவி ஆகியவற்றின் பெயரால் ஆங்கிலக் குடிப்பெயர் பூணவேண்டும் என்று விதித்தது. வெள்ளை, கருப்பு, கொல்லன், தச்சன், சமையற்காரன் என்னும் பொருளுடைய பெயர்களைச் சட்டமே எடுத்துக்காட்டியது. ஓ டாலியர்க்கு நேர்ந்தது அதனினும் மெல்லியது. அவர்கள் பெயரை எவரும் மாற்றவில்லை. செவிக்கு எட்டியவாறு எழுதிக்கொண்டனர். எழுத்தர் அகரம் ஒன்றை இட்டெழுதினார். அவ்வெழுத்தை ஆங்கில முறைப்படி படித்த பின்னையோர் வாயில் டாலி டேலியாயிற்று. டெய்லி, டாலே எனக் கிளைவடிவங்களும் தோன்றின. ‘ஓ’ 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பலராலும் கைவிடப்பட்டது. அதனைத் தாங்குவது வேலைக்கும் நிலவுரிமைக்கும் உதவாது என்றாயிற்று.

பெண்களின் பெயரில் இழப்பு இன்னும் பெரிது. ஐரிய மொழியில் மகள் ‘ஓ’ என்று சொல்லிக்கொள்வதில்லை. அவளுக்கு ‘நீ’ என்னும் முன்னொட்டு. ‘இன்னார் வழிவந்தோனின் மகள்’ என்பதன் சுருக்கம். அதனை அடுத்துவரும் முதலொலி நெகிழ்ந்து, நாம் ‘அகம்’ என்று சொல்லும்போது இடையில் கேட்கும் ககரம் போன்ற உரசொலியாகும். மணமான பெண்ணுக்கு மற்றொரு வடிவம் உண்டு. பெயரைக் கேட்ட அளவில் மகனா, மகளா, மனைவியா என்பது விளங்கிவிடும். ஆங்கிலப் பதிவேட்டில் இம்மூவரும் டேலி. ஓர் இலக்கணப் பகுதியே பதிவேட்டின் ஒரு கட்டத்துக்குள் மறைந்துபோனது.

எம் தந்தையாரின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பிறப்புச் சான்றில் அது லகரத்துக்குரிய உரோமன் எழுத்தாகவும், அடையாள அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டாகவும் பதிந்திருந்தது. அவர் மறைந்தபின் இருவரும் ஒருவரே என்று ஓர் அலுவலகத்தில் சத்தியம் செய்து எழுதித்தர வேண்டியிருந்தது. எழுத்தர் மீது குற்றமில்லை. அவர் செவிக்கு ழகரம் எட்டவில்லை. ஓ டாலியரின் வரலாற்றில் எமக்கு நாட்டம் பிறந்தது அந்த அலுவலக இருக்கையில்தான்.

‘ஓ’ இழந்த பெயர் கடல்கள் கடந்தது. காவன் மாவட்டத்தில் 1841-இல் பிறந்த மார்க்கஸ் டேலி சிறுவனாய் அமெரிக்கா சென்று, மொன்டானாவில் அனகோண்டா செப்புச் சுரங்கத்தால் பெருஞ்செல்வரானார். ரிச்சர்டு டேலி 1955 முதல் 1976-இல் இறக்கும்வரை சிகாகோ நகரத் தந்தை. அவர் மகனும் 1989 முதல் 2011 வரை அப்பதவி வகித்தார். கால்வே மாவட்டத்தில் பிறந்த சர் டொமினிக் டேலி கனடாவில் உயர்பதவிகள் வகித்து, 1868-இல் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநராக இருந்தபோதே மறைந்தார். வட ஆஸ்திரேலியாவின் டேலி ஆறு அவர் பெயரைத் தாங்குகிறது. அவருடைய உறவினர்தான் தொடக்கத்தில் யாம் குறித்த நில அளவையாளர் டொமினிக் டேனியல் டேலி. 1869-இல் வட ஆஸ்திரேலியாவை அளக்கச் சென்ற குழுவில் பணியாற்றி, பின் மலாய் மாநிலங்களுக்கு வந்தார். தம் அளவைப் பணிகளைப் பற்றி 1882-இல் இலண்டன் புவியியற் கழகத்திற்கு அவர் அளித்த கட்டுரை, தீபகற்பத்தின் உட்பகுதியை அறிய உதவும் முற்பட்ட ஆவணங்களுள் ஒன்று. வட போர்னியோவில் பணியாற்றி 1889-இல் மறைந்தார். ஆற்றையும் மலையையும் அளந்து பெயர் குறித்த அவர், தம் பெயர் ‘அவையோன்’ எனப் பொருள்படுவதை அறிந்திருந்தாரா என்பதற்குச் சான்றில்லை.

அயர்லாந்தின் வரலாற்றில் அப்பெயர் குருதியாலும் எழுதப்பட்டது. லிமரிக்கில் பிறந்த எட்வர்டு டேலி 1916 ஈஸ்டர் எழுச்சியில் ஒரு படைப்பிரிவின் தலைவர்; மே 4 அன்று, 25 வயதில், சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தமக்கை கேத்லீன், முந்தைய நாள் அதேபோல் கொல்லப்பட்ட டாம் கிளார்க்கின் மனைவி. 1939-இல் டப்ளின் மாநகரத் தந்தை பதவிக்கு வந்த முதற்பெண். வரலாறு அவரைக் கிளார்க் என்றே அறியும். இரண்டாவது நிகழ்ச்சி இந்திய மண்ணில். 1920-இல் ஜலந்தரிலும் சோலனிலும் இருந்த கொனாட் ரேஞ்சர்ஸ் படையின் ஐரிய வீரர்கள், தம் நாட்டில் ஆங்கிலப் படையினர் செய்த கொடுமைகளைக் கேட்டு ஆணைக்குப் பணிய மறுத்தனர். பலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டாலும் நிறைவேற்றப்பட்டது ஒருவருக்கே. 1920 நவம்பர் 2 அன்று டக்சாய் சிறையில் சுடப்பட்ட அவர் ஜேம்ஸ் டேலி; இருபது வயதினர். 1970-இல் அவரது எச்சங்கள் அயர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டு டிரெல்ஸ்பாஸ் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டன. அவ்வூர் வெஸ்ட்மீத்தில், ஓ டாலியரின் பழந்தாயகத்தில் உள்ளது.

பெயரை மீண்டும் முழுமையாகத் தாங்கி அரசின் உச்சிக்கு ஏறியவர் ஒருவர். கியரவல் ஓ டாலி 1911-இல் பிறந்தார். ஐரிய மொழியைக் கற்றுத் தேர்ந்து, இளமையில் நாளிதழ் ஒன்றின் ஐரியப் பகுதிக்கு ஆசிரியரானார். பின் சட்டத்துறையில் உயர்ந்து தலைமை நீதிபதியும், 1974-இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரும் ஆனார். 1976-இல் நெருக்கடிநிலை அதிகாரச் சட்டமுன்வரைவு அவர் கையெழுத்துக்கு வந்தபோது, அது அரசமைப்புக்கு ஏற்றதா என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். அது அவருக்குரிய உரிமை. நீதிமன்றம் ஏற்றபின் கையெழுத்திட்டார். ஆயினும் அக்டோபர் 18 அன்று பாதுகாப்பு அமைச்சர், படைவீரர்கள் கூடியிருந்த நிகழ்ச்சியொன்றில், குடியரசுத் தலைவரைப் பேரிழுக்கு என்று இழித்துரைத்தார். அச்சொல் சொல்லப்பட்ட இடம் முலிங்கர்.

அமைச்சர் பதவி விலகவேண்டும் என்னும் தீர்மானம் அக்டோபர் 21 அன்று டாயிலில் 58-க்கு 63 என்னும் வாக்குகளில் தோற்றது. அவையின் பெயரைத் தம் பெயரில் தாங்கியவருக்கு அவை துணைநிற்கவில்லை. மறுநாள், பதவியின் மாண்பையும் தற்சார்பையும் காக்கவே விலகுவதாக அறிவித்து, கியரவல் ஓ டாலி மாளிகையை விட்டு நீங்கினார். அவருடைய முன்னோர் காலத்தில் ஒரு வசைச்சொல்லுக்குக் கோடரியும் கத்தியும் விடையாயின. அவர் ஒரு மடல் எழுதினார். கெரி மாவட்டத்துச் சுனீம் ஊரில் குடியேறி, 1978 மார்ச்சு 21 அன்று மறைந்து, அங்கேயே அடக்கமானார். அவ்வூருக்குத் தெற்கே இரண்டு விரிகுடாக்களைக் கடந்தால் வரும் நிலமுனையில், கில்குரோகன் ஊருக்கு அருகே, ஓ டாலியர் நடத்திய புலவர் பள்ளியின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன.